அறுவடை இயந்திரமும் சம்பாவுக்குப் பின்வரும் உளுந்தும்: பாமணியாற்றுக் கடைமடை வாய்க்கால் ஒன்றின் நிகழ்வு ஆய்வு, 2021–2024

பின்னணி

கல்லணையில் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பு என்னும் நீரொழுங்கியில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. பாமணியாறு மன்னார்குடியை ஒட்டித் தெற்கே இறங்குகிறது. இந்த ஆய்வுக்குரிய வாய்க்கால் அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் பிரிவது. அதன் பாசனப் பரப்பு ஏறத்தாழ அறுபது ஏக்கர். நாற்பது பேருக்கு மேல் சாகுபடி செய்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் வாய்மொழிக் குத்தகைதாரர்கள். மண் கனத்த களி. ஆழ்குழாய்க் கிணறு உள்ள சிலர் குறுவை போடுவார்கள். மற்றவர்களுக்குச் சம்பா ஒன்றுதான் நெல். அதையடுத்து உளுந்தோ பச்சைப்பயறோ விதைப்பார்கள். இந்த வாய்க்கால் விவசாயிகளின் கூட்டக் குறிப்பையும் வரவு செலவையும் எழுதி வந்தவன் என்ற முறையில் இதைப் பதிவு செய்கிறேன்.

சம்பாவுக்குப் பின் உளுந்து போட இங்கே உழவு கிடையாது. கதிர் பழுத்து நிற்கும்போதே தண்ணீரை வடித்துவிட்டு, மண் மெழுகு பதத்தில் இருக்கையில், அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால் நெற்பயிருக்குள் விதையைத் தெளித்துவிடுவார்கள். ஏக்கருக்குப் பன்னிரண்டு கிலோ வரை பிடிக்கும். கதிர் அறுப்பதற்குள் முளைத்து இலை விட்டிருக்கும். அரிவாள் பிடிப்பவர்களின் காலில் மிதிபட்டாலும் பெரும்பகுதி நிமிர்ந்துகொள்ளும். பிறகு மண்ணில் மிஞ்சிய ஈரமும் தை மாதப் பனியும்தான் பாசனம். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. அதற்குப் பின் ஆற்றை நம்ப முடியாத கடைமடைக்குக் கோடையில் கையில் காசு வருவது இந்த உளுந்தில்தான்.

இந்தப் பயிரை ஊர்வழக்கங்கள் இரண்டு தாங்கி நின்றன. முதலாவது, பயறு பிடுங்கும் கூலியைப் பயறாகவே அளப்பது. நிலமில்லாத குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதுக்குமான உளுந்து அப்படித்தான் வீடு சேர்ந்தது. இரண்டாவது, மாட்டுக் கட்டுப்பாடு. தை பிறந்ததும் தண்டோரா போடுவார்கள். பயறு வீடு வந்து சேரும்வரை ஆடு மாடுகளை அவிழ்த்துவிடக் கூடாது. இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டுக் கிடை போட வரும் மேய்ப்பர்களான கீதாரிகளும் பயறு எடுத்த வயலில்தான் இறங்கலாம். கட்டுப்பாட்டை மீறியவர் அபராதம் கட்டினார்.

இயந்திரம் வந்த பிறகு

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் முதல் அறுவடை இயந்திரம் இந்த ஊருக்குள் வந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அரிவாள் அறுவடை ஏறக்குறைய நின்றுபோனது. காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. இளைஞர்கள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயலுக்குப் பிறகு எஞ்சியிருந்தவர்களிலும் பலர் கிளம்பினார்கள். ஆள் கிடைத்தாலும், வாரக்கணக்கில் நடக்கும் அறுவடையை மழைக்கு ஒப்புக்கொடுத்துவிட்டுக் காத்திருக்க யாருக்கும் துணிவில்லை. அறுவடைப் பாட்டு போய்விட்டதே என்று வருந்துபவர்கள், கணுக்கால் சேற்றில் நாளெல்லாம் குனிந்து அறுத்தவர்களிடம் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். இந்த வாய்க்காலில் இயந்திரம் வேண்டாம் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

உளுந்தை மட்டும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று டன் எடையுள்ள வண்டி ஏறினால் இரண்டு இலை விட்ட முளை தாங்காது. முதலில் சாலையோர வயல்களில் உளுந்து நின்றுபோனது. பிறகு, இயந்திரத்துக்கு வழிவிட்ட நடு வயல்களிலும் நின்றுபோனது. பயறு போடுபவர்கள் குறைந்ததும் மாட்டுக் கட்டுப்பாடு தளர்ந்தது. பாதி ஊர் தரிசாகக் கிடக்கும்போது மாட்டைக் கட்டிப் போடு என்று யார் யாரிடம் சொல்வது? மீதிப் பேர் வேலி கட்டிப் பார்த்தார்கள், இரவுக் காவல் இருந்து பார்த்தார்கள், கடைசியில் அவர்களும் விட்டுவிட்டார்கள். என் பார்வையில், உளுந்தை முடித்தது இயந்திரத்தைக் காட்டிலும் மாடுதான். மாட்டுக்கு வழி திறந்துவிட்டது இயந்திரம். 2020 வாக்கில் அறுபது ஏக்கரில் பத்து ஏக்கர்கூடப் பயறு இல்லை.

2021 பிப்ரவரி: வயலில் கண்டது

2021 ஜனவரியில் டெல்டாவில் வழக்கத்துக்கு மாறாகப் பெருமழை பெய்தது. பழுத்த சம்பா சாய்ந்தது. சில இடங்களில் கதிரிலேயே முளைவிட்டது. மழை விட்டதும் கிடைத்த வண்டியைப் பிடித்து அவரவர் அறுத்தார்கள். சக்கரத்துக்குப் பதில் பட்டைச் சங்கிலியில் ஓடும் செயின் வண்டி கிடைக்காதவர்கள் டயர் வண்டியை இறக்கினார்கள். வயலெங்கும் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்தது. அந்த ஆண்டு உளுந்து தெளித்த சிலருக்கு விதைக் காசுகூடத் தேறவில்லை.

பழி மழையின் மேல் விழுந்தது இயல்புதான். ஆனால் வண்டி இறங்க முடியாமல் ஆள் வைத்து அறுத்த இரண்டு துண்டு நிலங்களில் உளுந்து பாய் விரித்ததுபோல் நின்றது. இரண்டுக்கும் மழை ஒன்று, மண் ஒன்று, விதையும் ஒன்று. இதை முதலில் கவனித்துச் சொன்னவர் நிலம் உள்ளவர் அல்லர். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைத் திரட்டி வரும் ஐம்பது வயதுப் பெண்மணி. வாய்க்கால் தலைவரிடம் அவர் இப்படிக் கேட்டார்: “ஐயா, கதிரை வண்டி அறுத்துக்கொண்டு போகட்டும். பயறாவது எங்கள் கைக்கு வரக் கூடாதா?”

அந்த வாரமே நாலைந்து பேர் வயல் வயலாக இறங்கிப் பார்த்தோம். பயிர் அழிந்த இடங்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. வண்டி நேராக அறுத்துக்கொண்டு போன சாலில் சேதம் இருந்தது. ஆனாலும் பயிர் அடியோடு போய்விடவில்லை. வண்டி திரும்பிய வயல் முனைகளிலும், தொட்டி நிறைந்ததும் நெல்லைக் கொட்ட டிராக்டரைத் தேடிப் போய்வந்த பாதைகளிலும் ஒரு செடிகூட இல்லை. தொட்டி நிறையும் போதெல்லாம் வேறு வேறு வழியாகப் போய்வந்ததால் வயல் முழுவதும் பாதையாகியிருந்தது. டிராக்டரையும் வயலுக்குள் இறக்கியிருந்தார்கள்.

அடுத்தது வைக்கோல். இயந்திரம் பின்னால் தள்ளிய வைக்கோல் வரிசைக்கு அடியில் முளைகள் வெளுத்து நீண்டு செத்திருந்தன. நாலைந்து நாள் காயவிட்டு, கட்டு கட்டும் இயந்திரத்தை டிராக்டரில் பூட்டி ஓட்டியபோது, பிழைத்திருந்ததும் இரண்டாம் முறை நசுங்கியது. வைக்கோல் விற்ற பணம் உடனே கைக்கு வந்துவிடுவதால் இந்த இழப்பு ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மூன்றாவது, நாள் பொருத்தம். ஒருவர் நூற்றைம்பத்தைந்து நாளுக்கு மேல் போகும் சிஆர் 1009, பக்கத்து வயலில் நூற்று முப்பது நாளில் வரும் டிகேஎம் 13, அதற்கடுத்து ஆந்திரா பொன்னி என்று நெல் ரகங்கள் கலந்து கிடந்தன. உள்வயல் முதலில் பழுத்தால் வண்டிக்கு வழியில்லை. சாலையோர வயல் முதலில் பழுத்தால், அதில் தெளித்த உளுந்தின் மேல் ஏறித்தான் வண்டி உள்ளே போக முடியும். ஒருவர் தண்ணீரை வடிக்கும்போது மேல்வயல்காரருக்கு இன்னும் ஒரு தண்ணீர் தேவைப்பட்டது.

முடிவுகளும் காரணங்களும்

2021 ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்பட்டது. ஆடி முடிவதற்குள் வாய்க்கால் கரையிலிருந்த கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. ஆகஸ்டிலேயே அறுவடையைப் பற்றிப் பேச உட்கார்ந்ததைச் சிலர் கேலி செய்தார்கள். “நாற்றே விடவில்லை, அதற்குள் கதிரைப் பற்றிப் பேச்சா, தம்பி?” என்றார் ஒரு பெரியவர். ஆனால் அரிவாள் காலத்தில் தை மாதம்வரை தள்ளிப்போட முடிந்த முடிவுகளை இப்போது விதைக்கும்போதே எடுத்தாக வேண்டியிருந்தது. வண்டி அறுபது ஏக்கரையும் ஒரே வயலாகப் பாவிக்கிறது. வரப்புக்கு ஒரு முடிவு என்றால் அதனால் வேலை செய்ய முடியாது.

முதல் முடிவு ரகத்தைப் பற்றியது. வாய்க்காலின் கீழ்ப்பாதி முழுவதும் சிஆர் 1009 சப்1 என்று முடிவானது. வெள்ளத்தில் சில நாள் மூழ்கினாலும் மீளும் ரகம் என்பதால் பள்ளப் பகுதிக்கு அது பொருந்தியது. மேற்பாதிக்கு ஆந்திரா பொன்னியை ஒதுக்கினோம். எந்த ரகமானாலும் அறுவடை ஜனவரி கடைசியில் விழும்படி பின்னோக்கி எண்ணி விதைக்கும் வாரம் குறிக்கப்பட்டது. மூன்று பேர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய வயல்கள் சாலையோரத்தில் இருந்ததால் வற்புறுத்தவில்லை. உள்ளே போகும் வண்டிக்கு வரப்போரம் வழி விடுவதாக மட்டும் வாக்குக் கொடுத்தார்கள்.

வண்டியைப் பற்றிய விவாதம்தான் நீண்டது. சேலம், ஆத்தூர்ப் பக்கத்து வண்டிகள் தரகர் மூலம் வரும். எந்த நாள் வரும், எந்த வண்டி வரும் என்பதெல்லாம் அவர் கையில். தனி விவசாயி ஒருவருக்காக அவர் நாளை மாற்றமாட்டார். அறுபது ஏக்கர் சேர்ந்து கேட்டபோது பேச்சு மாறியது. செயின் வண்டி மட்டுமே இறங்கும், கடைசி வயலில் தொடங்கிச் சாலையை நோக்கி அறுத்து வரும், நெல் கொட்டுவதற்கு வயல் வாரியாக ஒரே மூலை, அங்கே போக ஒரே தடம், டிராக்டர் வரப்பைத் தாண்டாது. இவ்வளவையும் எழுதிக் கொடுத்து முன்பணம் தரப்பட்டது. மணிக்கணக்கில் வாடகை என்றால் ஓட்டுநர் சுற்றிச் சுற்றி ஓட்டுவதில் யாருக்கும் நட்டமில்லை. அதனால் ஏக்கர் கணக்கில் வாடகை பேசியதுதான், என் கருத்தில், ஒப்பந்தத்தின் உயிர். வேளாண் பொறியியல் துறையின் வாடகை வண்டிக்கும் உழவன் செயலியில் பதிந்து வைத்தோம். தரகர் கைவிட்டால் ஒரு மாற்று வேண்டும்.

உளுந்து தெளிக்கும் நாளும் மாறியது. ஏழு நாள் முன்பு என்ற பழைய கணக்கு காலடிக்காக ஏற்பட்டது. வண்டி ஏறும்போது விதை முளைத்திருக்கக் கூடாது. முளைவிடாத விதையாகவே மெழுகு மண்ணில் பதிந்திருந்தால் அழுத்தம் தாங்கும். ஆகவே வண்டி இறங்குவதற்கு ஒன்றிரண்டு நாளுக்கு முன்னால்தான் தெளிப்பது என்றும், விதையளவைக் கொஞ்சம் கூட்டுவது என்றும் முடிவானது. முன்கூட்டியே தண்ணீர் வடிக்க வடிகால் வேண்டும். பல ஆண்டு தூர்ந்து நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடந்த வடிகாலை ஏக்கருக்கு இவ்வளவு என்று வசூலித்துப் புரட்டாசியில் வெட்டினோம்.

வைக்கோலில் உடன்பாடு எட்டவில்லை. உளுந்து போடுபவர்கள் கட்டு இயந்திரத்தை இறக்குவதில்லை என்று ஒரு தரப்பும், வைக்கோல் காசை விட முடியாது என்று மற்றொரு தரப்பும் நின்றன. கடைசியில் பெண்கள் குழு வரிசை வைக்கோலை மறுநாளே கையால் வாரி வரப்பில் போடுவது, அதற்குக் கூலியாக வைக்கோலில் ஒரு பங்கு என்று தற்காலிகமாக ஒத்துக்கொண்டார்கள். கூடவே அந்தப் பெண்மணி வைத்த கோரிக்கை ஏற்கப்பட்டது: பயறு பிடுங்க இயந்திரம் தேடுவதில்லை, கூலி பழையபடி பயறாகவே. மாட்டுக் கட்டுப்பாட்டையும் அவர்தான் கேட்டு வாங்கினார். ஊர்க்கூட்டத்தில் அது நிறைவேறியதும், கீதாரிகளுக்குத் தொலைபேசியில் சொல்லி ஏப்ரலுக்குப் பிறகு வரச் சொன்னார்கள்.

2022 அறுவடை

ஏறத்தாழ நாற்பது ஏக்கரில் உளுந்து தெளிக்கப்பட்டது. தடங்களும் முனைகளும் வெறுமையாகத்தான் இருந்தன. ஆனால் அவை ஓரத்தில் ஒதுங்கியிருந்தன. வயலின் நடுப்பகுதி பசேலென்று மூடியது. பூக்கும் தருணத்தில் இரண்டு சதவீத டிஏபி உரக் கரைசல் தெளித்தார்கள். மஞ்சள் தேமல் நோய் தெரிந்த செடிகளைப் பிடுங்கிப் போட்டதோடு சரி. நன்றாக வந்த வயல்களில் ஏக்கருக்கு இரண்டு குவிண்டாலை ஒட்டிக் கண்டுமுதல் கிடைத்தது. சுமாரானவற்றில் அதில் பாதி. உளுந்துக்கு அந்தப் பருவத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 6,300 ரூபாய். உழவும் அடியுரமும் இல்லாத பயிருக்கு இது பெரிய தொகைதான்.

யாரும் எதிர்பார்க்காத சிக்கல் நெல்லில் வந்தது. முன்பு ஒரு மாதம் இழுத்த அறுவடை சில நாட்களில் முடிந்துவிட்டது. அறுபது ஏக்கர் நெல்லும் ஒரே வாரத்தில் அருகிலிருந்த அரசு நெல் கொள்முதல் நிலைய வாசலுக்குப் போனது. நிலையத்தால் ஒரு நாளில் இவ்வளவு மூட்டைதான் எடுக்க முடியும். களிமண் வயலில் சீக்கிரம் அறுத்த நெல்லில் ஈரப்பதம், நிலையம் ஏற்கும் 17 சதவீத வரம்புக்கு மேல் நின்றது. காய வைக்கக் களமும் போதவில்லை. சாலையில் கொட்டிக் காயவைத்து இரவுக் காவல் இருந்தார்கள். வயலில் மிச்சப்பட்ட நாட்கள் நிலைய வாசலில் செலவாயின. குத்தகைதாரர் ஒருவர் பொறுக்க முடியாமல் தனியார் வியாபாரியிடம் விலை குறைத்துக் கொடுத்துவிட்டார்.

2023 பிப்ரவரி மழை

அடுத்த ஆண்டு இதற்காக வாய்க்காலை இரண்டாகப் பிரித்தோம். கீழ்ப்பாதிக்கு ஜனவரி மூன்றாவது வாரம். மேற்பாதிக்குப் பிப்ரவரி முதல் வாரம். கீழ்ப்பாதி திட்டப்படி முடிந்து உளுந்து முளைத்து நின்றபோது, பிப்ரவரி தொடக்கத்தில் பருவம் தவறிய மழை கொட்டியது. மேற்பாதி நெல் சாய்ந்தது. கீழ்ப்பாதியில் இளம் உளுந்து நீரில் நின்றது.

புரட்டாசியில் வெட்டிய வடிகாலின் அருமை அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. வடிகாலை ஒட்டிய வயல்கள் மழை விட்ட மறுநாளே வடிந்தன. அங்கே உளுந்தில் பாதிக்கு மேல் பிழைத்தது. வடிகாலுக்குப் பணம் தர மறுத்து மண் மூடிக் கிடந்த ஒரு கிளையை ஒட்டியவை அழுகின. முந்திய ஆண்டு டிஏபி தெளிக்க டிரோன் வரவழைத்தபோது படம் எடுக்க ஊரே கூடியது. வடிகால் வெட்டிய நாளில் மண்வெட்டி பிடித்தவர்களைத் தவிர ஒருவரும் இல்லை.

அரசு, பாதிக்கப்பட்ட நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாயும், நெல் தரிசுப் பயறுக்கு, அதாவது நெல்லையடுத்துப் போடும் இந்தப் பயறுக்கு, 3,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. மத்திய அரசு கொள்முதல் ஈரப்பத வரம்பை 20 சதவீதம்வரை தளர்த்தியது. அறுவடையைப் பிரித்திருக்காவிட்டால் அறுபது ஏக்கர் நெல்லும் மழைக்கு முன்பே வீடு சேர்ந்திருக்கும் என்று மேற்பாதிக்காரர்கள் கோபப்பட்டார்கள். அது உண்மையும்கூட. ஆனால் பிரித்த காரணம் முந்திய ஆண்டின் நிலைய நெரிசல். இரண்டு ஆபத்துக்கும் சேர்த்து மருந்தாகும் நாள் ஒன்று தை மாதத்தில் கிடையாது.

மேட்டூர் முன்னதாக மூடிய ஆண்டு

2023 ஜூன் 12 அன்று அணை திறந்தது. ஆனால் தென்மேற்குப் பருவமழை ஏமாற்ற, நீர்மட்டம் வேகமாகக் குறைந்தது. ஆகஸ்ட் கூட்டம் அதற்குள் பழக்கமாகிவிட்டிருந்ததால் இதைப் பேச இடம் இருந்தது. சிஆர் 1009 வேண்டாம், நூற்று முப்பது நாள் ரகத்தைச் செப்டம்பரில் நேரடி விதைப்பாகப் போடுவோம் என்று பெரும்பாலோர் முடிவெடுத்தார்கள். ஜனவரி கடைசியில் அறுவடை என்ற குறி மாறவில்லை. விதைக்கும் நாள் மட்டும் பின்னால் தள்ளிப்போனது. நாற்றங்கால் விட்டுவிட்டவர்கள் நட்டார்கள். அக்டோபரில் அணை மூடப்பட்டதும் அவர்களில் சிலர், பயிர் பக்கக் கிளை விட்டுத் தூர்கட்டும் பருவத்தில் தண்ணீருக்குத் தவித்தார்கள். வடகிழக்குப் பருவமழை வந்துதான் காப்பாற்றியது.

நேரடி விதைப்பால் நடவுக் கூலி போயிற்று. பெண்கள் குழுவுக்கு இது அரிவாள் போனதற்கு அடுத்த அடி. களை மிகுந்ததால் களையெடுப்பில் வேலை கொஞ்சம் கூடியது, ஆனாலும் ஈடாகவில்லை. திட்டமிட்ட கூட்டத்தில் அவர்கள் தரப்பில் ஒரே ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். விதைப்பு முறையைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. 2024 பிப்ரவரியில் முப்பது ஏக்கருக்கு மேல் உளுந்து நின்றது என்பதைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி மாற்ற வேண்டியவை

ஆகஸ்ட் கூட்டத்தில் கூலிக் குழுவிலிருந்து மூன்று பேருக்குக் குறையாமல் உட்கார வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. நேரடி விதைப்பு வரும் ஆண்டுகளில் களையெடுப்பையும் வைக்கோல் வாருவதையும் அவர்களுக்கு ஒட்டுமொத்த ஒப்பந்தமாகக் கொடுப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது.

அறுவடையை இரண்டாகப் பிரிப்பது தொடரும். ஆனால் எந்தப் பாதி முதலில் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். மழையின் அபாயத்தை ஒரே பக்கத்தார் சுமக்கக் கூடாது. காய வைக்கும் களத்துக்குக் கோயில் புறம்போக்கில் இடம் கேட்டு மனு கொடுக்கப்பட்டுள்ளது. வடிகால் வசூலை நிலவரிபோல் ஏக்கர் கணக்கில் எல்லோரிடமும் வாங்குவதா, விருப்பப்பட்டவர்களிடம் மட்டுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வைக்கோல் ஏற்பாடும் ஆண்டுதோறும் புதிதாகப் பேசித்தான் முடிகிறது.

தீராமல் நிற்பது குத்தகை. வாய்மொழிக் குத்தகையில் அடுத்த ஆண்டு நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர் வடிகாலுக்குப் பணம் போடத் தயங்குகிறார். 2023இல் அழுகிய கிளை வடிகாலை ஒட்டிய வயல்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான். நிலச் சொந்தக்காரர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களில் இருவர் மூன்றாண்டுக் குத்தகையை எழுத்தில் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். மற்றவர்களுக்குக் கடிதம் போயிருக்கிறது.